பெருவிரலில் இருந்த கரி

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. “பெரிய மனுசன் சொல்லுதாரு, அவரு சொன்னபடி எழுதிக் குடுத்திரு மக்களே, உனக்கென்ன நட்டம்” என்றேன். நீ “செரிப்பா” என்று வைத்துவிட்டாய். உன் அம்மை கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தந்தாள். ஒரு வாய் குடித்தேன், இறங்கவில்லை. பின்பக்கம் போய்த் துப்பினேன், வாயைக் கொப்பளித்தேன். சொன்ன சொல் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தன் வாயே நாறினால் அவன் எங்கே போய் நிற்பது?

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீ நடுவில் “விடுங்கப்பா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். அப்படி விட்டு விட்டுத்தான் இந்த லட்சணத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் பேராசிரியரிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்றாய். இன்று புதன். தபாலில் போட்டால் இது அந்தக் குளிர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோகும். அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பொருளையும் வைத்து எடுப்பேன். அதை முதலில் பார்க்காதே, வரிசையாகப் படித்துக்கொண்டு வா. பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக நீதி எழுதும் அப்பன்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பது உனக்குத் தெரியும். ஊரெல்லாம் ஏய்த்துவிட்டு, வயதானதும் பிள்ளையைக் கூப்பிட்டு நேர்மையைப் பற்றிப் பேசுவார்கள். நானும் இப்போது அந்த வரிசையில்தான் வந்து நிற்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படி.

போன சித்திரையில் நீ லீவுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உன் வேலையை எனக்குச் சொல்லித் தந்தாய். வானத்தில் வெள்ளையாக நீளும் பால்வீதி நாம் குடியிருக்கும் விண்மீன் மண்டலம்தான், நாம் அதற்குள்ளேயே இருப்பதால் அது நமக்குப் பட்டையாகத் தெரிகிறது என்றாய். அதில் நட்சத்திரங்கள் மட்டுமில்லை, தூசியும் புகைபோலப் படர்ந்து கிடக்கிறது. அதற்குப் பின்னால் எத்தனையோ மடங்கு தொலைவில் நம்முடையதைப் போன்ற வேறு மண்டலங்கள் இருந்தாலும், அவற்றின் வெளிச்சம் இந்தத் தூசியில் மாட்டிக்கொள்ளும். பழைய வான வரைபடங்களில் அந்தப் பட்டையை வெறுமையாகவே விட்டிருப்பதைக் காட்டினாய். “அங்க ஒண்ணும் இல்லாம இல்லப்பா, மறைஞ்சு கெடக்கு. கண்ணுக்குத் தெரியுத வெளிச்சம் தூசியில நின்னு போவும். அகச்சிவப்பு வெளிச்சம் ஊடுருவி வந்திரும். அதுல படம் எடுத்து, முன்னால நிக்குத நம்ம நட்சத்திரத்தையெல்லாம் ஒதுக்கிட்டு, பொறத்தால என்ன இருக்குன்னு தேடுகேன்” என்றாய். முப்பது வருடம் தடிக்காரன்கோணத்து ரப்பர் கடையில் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் தரம் சொன்னவன் நான். எனக்கு வேறென்ன தோன்றும்? “அப்பம் ஷீட்டு பாக்குத வேலையில்லா இது?” என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “ஷீட்டுதாம்பா. ஆனா நீங்க ஷீட்டைப் பாத்திய. நான் ஷீட்டுக்கு அந்தால பாக்கேன்.”

அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் “மக ராக்கெட்டுல போவாளா?” என்று கேட்டதற்குக்கூட நான் கோபப்படவில்லை, உட்கார வைத்து அகச்சிவப்பைப் பற்றி விளக்கினேன். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

இப்போது நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அந்தப் படங்களில் நட்சத்திரங்கள் உப்பைக் கொட்டியதுபோல் கிடக்கின்றன. இடையில் அங்கங்கே மங்கலான திட்டுகள். ஒரு திட்டு உண்மையிலேயே தொலைவில் உள்ள மண்டலமாக இருக்கலாம், அல்லது இரண்டு மூன்று நட்சத்திரங்கள் ஒட்டி நிற்பதால் அப்படித் தோன்றலாம். கணினி அதில் குழம்பும். ஆகவே மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், கண்ணால் பார்த்து ‘நிச்சயம்’, ‘சந்தேகம்’, ‘இல்லை’ என்று தரம் போடுவீர்கள். ஒரு மூலையில் பதினோரு திட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன. பதினொன்றும் மண்டலங்கள் என்றால், இதுவரை யாருக்கும் தெரியாத பெரியதொரு கூட்டம் நம் பால்வீதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று உலகத்துக்கே அறிவிக்கலாம். நீ அதில் ஏழுக்குச் ‘சந்தேகம்’ போட்டிருக்கிறாய். மற்ற இரண்டு பேரும் முதலில் உன்னைப் போலவே போட்டிருந்தார்கள், இப்போது ‘நிச்சயம்’ என்று மாற்றிவிட்டார்கள். மிச்சம் நீ ஒருத்திதான். வேறு கருவி வைத்துச் சரிபார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது மாற்று என்கிறார் உன் பேராசிரியர். “நான் பாக்கும்போ நாற்காலிக்குப் பின்னாலயே வந்து நிக்காருப்பா” என்றாய்.

பின்னால் வந்து நிற்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்குப் படிப்பு எவ்வளவு, சட்டை என்ன விலை என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த நிற்கும் விதம் ஒன்றுதான். ஆனால் அவரைப் பற்றி நீ சொன்னதைவிட, அடுத்ததாக நீ சொன்ன ஒரு பேச்சுதான் என்னைக் கொன்றது. “ஒருவேளை எனக்குத்தான் கண்ணு செரியில்லையோ என்னமோப்பா. சின்ன வயசுலயே கண்ணாடி போட்டவதானே.” அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், எழுதிக் கொடுத்துவிடு என்றேன். ஏனென்றால் நீ எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சு முடிந்துபோகும், என் பேச்சும் வெளியே வராது. என் புத்தி போன போக்கைப் பார்த்தாயா?

நான் வேலை பார்த்த கடை உனக்கு நினைவிருக்கும். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அறையும் அந்த நாற்றம்: புளித்த ரப்பர் பால், ஆசிட், புகை, மூலையில் சாக்குச் சாக்காய்க் கட்டிப் போட்ட ஒட்டுப்பாலின் அழுகல் வீச்சம். வெட்டிய மரத்தில் வடிந்து காய்ந்து கிடப்பதை உரித்துக் கொண்டுவந்து போடுவார்களே, அதுதான். எத்தனை சோப்புப் போட்டாலும் என் உடம்பை விட்டுப் போகாது. ஆட்கள் பாலைத் தட்டில் உறையவைத்துத் தகடாக்கி, புகைப்புரையில் புகைபோட்டு உணக்கிய ஷீட்டைக் கொண்டுவருவார்கள். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு நேராக நான் நிற்பேன். ஒவ்வொரு ஷீட்டாகத் தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, பட்டைத் துணுக்கு இருக்கிறதா, கரி இருக்கிறதா என்று பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குவேன். எனக்குப் பின்னால் முதலாளி வந்து நிற்பார். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். செருமினால் தரத்தை இறக்க வேண்டும், விலையும் இறங்கும். ஷீட்டில் குறை ஒன்றும் இல்லையென்றால்? அதற்கும் வழி இருந்தது. ஷீட்டு அடுக்கி அடுக்கி என் விரல்களில் எப்போதும் கரி படிந்திருக்கும். ஷீட்டைத் தூக்கும்போது வலது பெருவிரலை ஓர் இடத்தில் அழுத்தி இழுத்துவிட்டால் போதும், வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு திட்டுத் தெரியும். கொண்டுவந்தவனிடம் அதைக் காட்டிவிட்டு, அவன் துடைத்துப் பார்ப்பதற்குள் மூன்றாவது அடுக்கில் எறிந்துவிடுவேன். நாளடைவில் முதலாளி செருமாமலேயே என் விரல் அந்த வேலையைச் செய்தது. அதில் எனக்குக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. சீக்கு பிடித்த நினைப்பு.

லீவு நாட்களில் நீ பூதப்பாண்டியிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்துவிடுவாய். ஜன்னலடியில் உட்கார்ந்து, வெளியே தூக்கிப் போட்ட துண்டு ஷீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, “அப்பா, ஷீட்டுக்குள்ள பஸ்ஸு போவுது, ஆடு போவுது” என்று கத்துவாய். நான் ஒருநாளும் ஷீட்டுக்குள் பஸ்ஸைக் கண்டதில்லை. அப்படியொரு நாள் கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து செல்லத்துரை வந்தார். கொஞ்சம் மரம்தான் அவருக்கு, ஆனால் பாலை இரண்டு தடவை வடிகட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி ஊற்றுவார். வெளிச்சத்தில் பிடித்தால் அவர் ஷீட்டு தேன் மாதிரி இருக்கும். அதில் அவருக்கு நல்ல கர்வமும் உண்டு. அன்று முதலாளி செருமினார். நான் தூக்கினேன், விரலை அழுத்தி இழுத்தேன். “பாரும் வே, கரி கெடக்கு. மூணாந் தரம்.”

“அப்பா, அது ஷீட்டுல உள்ளது இல்லப்பா. ஒங்க பெருவெரல்ல உள்ள கரியில்லா?”

எட்டு வயது உனக்கு. கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்துரை என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். “பிள்ளைக்கு நல்ல கண்ணு” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நல்ல கண்ணா? அவளுக்குக் கண்ணே செரியில்ல வே. பள்ளிக்கூடத்துல போர்டே தெரியலங்கா. கண்ணாடி போடணும்” என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, வாயைத் திறந்தேன், வந்து விழுந்தது. “எனக்குத் தெரியுதேப்பா” என்று நீ ஆரம்பித்தாய். உன் தோளைப் பிடித்து அழுத்தினேன். நீ மிச்சத்தை விழுங்கிக்கொண்டாய். செல்லத்துரையும் மூன்றாம் தரத்துக்கே சம்மதித்துப் போனார்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு பொய்யோடு போயிருக்கும். மறுவாரம் முதலாளி எல்லார் முன்னிலையிலும், “என்னவே, பிள்ளைக்குக் கண்ணாடி போட்டாச்சா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அது கேள்வி இல்லை, உத்தரவு. அடுத்த சனிக்கிழமை உன்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கடைக்காரர் பாவம், ஒழுங்காகத்தான் சோதித்தார். “பிள்ளைக்குக் கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு சார், எதுக்குக் கண்ணாடி?” என்று கேட்டார். நீ அலமாரியில் ஃபிரேம்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவரைத் தனியாக அழைத்து, பிள்ளை ஆசைப்படுகிறாள், பவர் இல்லாமல் சும்மா வெறும் கண்ணாடி போட்டுக் கொடுங்கள் என்றேன். நீ காப்பிக் கலரில் ஒன்றை எடுத்தாய். திரும்பி வரும் பஸ்ஸில், “அப்பா, இப்பவும் முன்ன மாதிரியேதான் தெரியுது” என்றாய். அதற்கு நான் சொன்னதைக் கேள். “முன்ன ஒனக்குத் தப்பாத் தெரிஞ்சுது மக்களே, இப்பம் செரியாத் தெரியுது. ஒனக்கு அந்த வித்தியாசம் புரியல்ல.” ஒரு குழந்தையிடம், பெற்ற அப்பன், ஜன்னல் சீட்டைக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னது இது. உன் பேராசிரியர் இப்போது உன்னிடம் சொல்வதும் இதே வார்த்தைகள்தான் அல்லவா? அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அடுத்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த லீவில் நீ கண்ணாடியோடு கடைக்கு வந்தாய். செல்லத்துரை சைக்கிளில் ஷீட்டுக் கட்டோடு வந்தவர் உன்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். குனிந்து, “தா மக்களே, பாப்பம்” என்று உன் முகத்திலிருந்து அதைக் கழற்றினார். உனக்கு நினைவிருக்கலாம், நீ கூச்சத்தில் சிரித்தாய். என் ஜன்னலுக்கே வந்து, நான் ஷீட்டைப் பிடிப்பது போலவே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், அதன் வழியே தன் கை ரேகையைப் பார்த்தார். பிறகு வேட்டி நுனியால் துடைத்து, உன் காதில் நோகாமல் மாட்டிவிட்டார். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்: “சீ.” கட்டை அவிழ்க்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை. நல்ல வசவு எத்தனையோ வாங்கியிருக்கிறேன், எதுவும் நிற்கவில்லை. இது மட்டும் இருபத்தைந்து வருடமாகக் காதில் நிற்கிறது.

வீட்டில் நடந்தது இன்னும் கேவலம். உன் அம்மை நான் சொன்னதை நம்பினாள். கண்ணுக்கு நல்லது என்று தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. உனக்குப் பிடிக்காது, குமட்டி ஓங்கரிப்பாய். அவள் மடியில் போட்டு ஊட்டுவாள். நீ அழுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் கழித்து, எனக்கே உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், “செரியாயிட்டு, இனி வேண்டாம்” என்று நானே கழற்றி வைத்தேன். உன் அம்மை மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்திருந்தாளாம். நம் இரண்டு பேரையும் கூட்டிப்போய், வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். இல்லாத நோயைத் தீர்த்துவைத்த அம்மனுக்கு நன்றி சொல்லி அவள் கண்ணீர் விட, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அன்றும் எனக்குக் கோயில் பிரசாதமான மண்டையப்பம் இனித்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கு அதிகமாக ஓங்கரிக்கிறது.

திங்கட்கிழமை காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். “அப்பம் நான் சாத்துன கண்மலரு?” என்று மட்டும் கேட்டாள். எழுந்துபோய் பீரோவைத் திறந்து, உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்திருந்த அந்தக் கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். “பிள்ளைக்கு எழுதுங்க. ஒண்ணையும் விடாம எழுதுங்க” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைக்கிறாள். பேசவில்லை.

இனி நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைக் குப்பையில் போடு. அந்த ஏழு திட்டுகளும் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அவை மண்டலங்களாகவே இருக்கலாம், நாளைக்கு வேறு கருவி வைத்துப் பார்க்கும்போது உன் பேராசிரியர் சொன்னதே சரியாகிவிடலாம். அதனால் என்ன? நீ பார்த்த அன்றைக்கு உன் கண்ணுக்குச் சந்தேகமாக இருந்ததென்றால் சந்தேகம் என்றே எழுது. இன்னும் நூறு தடவை பார்த்து உனக்கே நிச்சயமாகப் பட்டால் அன்றைக்கு மாற்று. பின்னால் ஒருவன் நிற்கிறான் என்பதற்காக மாற்றாதே. மாற்றினால் வேலை இருக்கும், பெயர் வரும், மாலை போடுவார்கள். நானும் அந்தக் கடையில் நல்ல பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தத் துணியை இப்போது ஸ்கூட்டர் துடைக்க வைத்திருக்கிறேன். மாற்ற மறுத்தால் உன்னை அங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். அனுப்பினால் வா. வீடு இருக்கிறது. உன் அம்மை இருக்கிறாள். நான் இருக்கும் வீட்டுக்கு வர உனக்கு அருவருப்பாக இருந்தால், அதையும் சொல், அதற்கும் வழி பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தின் அடியில் உன் பழைய கண்ணாடியை வைத்துப் போட்டோ எடுக்கிறேன். கடைசி வரியில் பாதி கண்ணாடிக்கு உள்ளே தெரியும், பாதி வெளியே இருக்கும். உள்ளே உள்ள எழுத்து ஒரு நூலளவாவது பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறதா என்று நன்றாகப் பெரிதாக்கிப் பார். என் பேச்சை நம்ப வேண்டாம், நான் தரம் சொன்ன லட்சணம்தான் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டதே. செல்லத்துரை பார்த்ததுபோல நீயே பார். பார்த்துவிட்டு அவர் சொன்ன அதே சொல்லை நீயும் சொன்னால், வாங்கிக்கொள்கிறேன்.

உன் கண்ணில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை, மக்களே.